இல்லாத இரண்டு பற்கள்

கார் எஞ்சினின் கிராங்க்‌ஷாஃப்ட்டோடு சேர்ந்து ஒரு இரும்புப் பல்சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும். அதன் விளிம்பில் 60 பற்களுக்கு இடம் உண்டு, ஆனால் 58 பற்கள்தான் இருக்கும். அடுத்தடுத்த இரண்டு பற்களை வேண்டுமென்றே விட்டுவிட்டிருப்பார்கள். ‘சிக்ஸ்டி மைனஸ் டூ’ என்பது இதற்குப் பெயர். எல்லா எஞ்சினிலும் இதே கணக்கு கிடையாது. 36-இல் ஒன்றைக் குறைத்த சக்கரங்கள் உண்டு, வேறு தினுசுகளும் உண்டு. ஆனால் இது மிகப் பரவலான ஒன்று. பல்வரிசை முழுசாக இருந்தால் எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று மட்டும்தான் சொல்ல முடியும், சுற்றில் இப்போது எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்ல முடியாது. அதைச் சொல்வதற்குத்தான் அந்த ஓட்டைப் பல்.

எஞ்சினை நடத்துகிற ஈ.சி.யு. என்ற பெட்டிக்கு வெளியுலகம் என்பது சில ஒயர்கள் மட்டுமே. பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. பல்சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சென்சார் அனுப்புகிற துடிப்புகளை எண்ணிக்கொண்டே இருக்கும். ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்கு 6 டிகிரி. எண்ணிக்கொண்டே வரும்போது, வழக்கமான இடைவெளியைப் போல மூன்று மடங்கு நேரத்துக்கு ஒன்றும் வராது. சரி, இங்கேதான் இருக்கிறோம் என்று பிடித்துக்கொள்ளும். அங்கிருந்து இத்தனையாவது பல்லில் முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சியில் இருக்கும் என்பது அதன் நினைவில் ஏற்கெனவே எழுதியிருக்கிறது. பெட்ரோல் தெளிப்பதும் பொறி விடுவதும் இந்த எண்ணிக்கையை நம்பித்தான். எண்ணிக்கை பிடிபடாவிட்டால் அது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும், வண்டி ஸ்டார்ட் ஆகாது.

அப்படியானால், எஞ்சினே இல்லாமல் அந்தத் துடிப்புகளை மட்டும் நாமே செய்து கொடுத்தால்? மேசைமேல் கிடக்கிற ஈ.சி.யு. தான் ஓடுகிற வண்டிக்குள் இருப்பதாக நினைத்துக்கொண்டு வேலை செய்யும். பெரிய கார் கம்பெனிகளின் ஆய்வுக்கூடங்களில் இதற்கென்றே அலமாரி அலமாரியாகக் கருவிகள் இருக்கின்றன, விலை லட்சங்களில். நான் செய்தது ஒரு ஆர்டுயினோ, பழைய டெலிபோன் மோடத்திலிருந்து கழற்றிய சிறிய டிரான்ஸ்ஃபார்மர், ரிச்சி தெருவில் வாங்கிய கொஞ்சம் ரெசிஸ்டர், இரண்டு வால்யூம் கன்ட்ரோல்.

நான் படித்தது எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன். பார்ப்பது ஓ.எம்.ஆரில் மென்பொருள் வேலை, அதாவது பணப் பரிவர்த்தனை மென்பொருளுக்குச் சோதனைகள் எழுதுவது. நிஜமான வங்கியோடு பேசிப் பார்க்க முடியாது என்பதால் வங்கியைப் போல நடிக்கிற ஒரு சின்ன நிரலை எழுதி, அதோடு எங்கள் மென்பொருளைப் பேசவிட்டு, சரியாகப் பேசுகிறதா என்று பார்ப்போம். ‘மாக்’ என்போம். பொய் வங்கி ‘பணம் வந்தது’ என்று சொல்லும், எங்கள் மென்பொருள் நம்பும், திரையில் பச்சை டிக் விழும். பத்து வருஷமாக இதுதான் சோறு போடுகிறது. கையில் சால்டரிங் அயர்ன் பிடித்துக் கல்லூரி முடிந்த வருஷத்தோடு சரி.

வில்லிவாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மெக்கானிக் ஷெட் இருக்கிறது. அங்கே என் பைக்கை விட்டிருந்தபோது அண்ணன் கேட்டார். “சார், நீங்க எலக்ட்ரானிக்ஸ்தானே படிச்சீங்க? ஒரு போர்டு நல்லாருக்கா இல்லையான்னு பாத்துச் சொல்ல முடியுமா?” ஈ.சி.யு.வை அவர் போர்டு என்றுதான் சொல்வார்.

ஷெட்டின் ஓரத்தில் ஒரு நாலு சிலிண்டர் பெட்ரோல் வேன் நின்றது. பூ வியாபாரி ஒருவருடையது. கோயம்பேட்டில் விடியற்காலை பூ எடுத்து, அம்பத்தூர் வரைக்கும் கடைகளுக்குப் போடுகிறவர். வண்டிக்கு வந்த நோய் விசித்திரமானது. ராத்திரி இரண்டரை மணிக்கு எடுக்கும்போது மட்டும் ஸ்டார்ட் ஆகாது. பத்துப் பதினைந்து முறை செல்ஃப் அடித்து, பேட்டரி இறங்கி, தள்ளிவிட்டு எடுக்க வேண்டும். எழுந்துவிட்டால் பகல் முழுக்க ஒரு குறையும் கிடையாது. அவர் காட்டிய ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டுப் பார்த்தார்கள். பி0335, கிராங்க் சென்சார் சர்க்யூட் கோளாறு. புது சென்சார் போட்டார்கள், சரியாகவில்லை. ஒயரை ஆராய்ந்தார்கள், அறுபடவில்லை. சென்சார் இல்லை, ஒயர் இல்லை, அப்போ போர்டுதான் என்று முடிவுசெய்து 45,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்துவிட்டார்கள். போர்டை வாங்கி வண்டிக்கு ஏற்ப புரோகிராம் செய்துவிட்டால் திருப்பித் தர முடியாது. போட்டும் ஓடவில்லை என்றால் 45,000 போனது போனதுதான்.

பூக்காரருக்கு வேனுக்கு மாசத் டியூ இருக்கிறது. வண்டி நின்ற நாளிலிருந்து வாடகைக்கு லோடு ஆட்டோ பிடித்துக்கொண்டிருந்தார். மூணு மணிக்கு மேல் போனால் நல்ல பூ கிடைக்காது என்று என்னிடமும் சொன்னார், பக்கத்தில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த பையனிடமும் சொன்னார்.

அந்த வண்டியில் இருந்தது காந்தச் சுருள் வகை சென்சார். அதற்குள் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு காந்தம், அதைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பி, இரண்டு முனைகள். பேட்டரி இணைப்பும் வேண்டாம். இரும்புப் பல் நெருங்கும்போதும் விலகும்போதும் காந்தப்புலம் மாறும், அந்த மாற்றம் சுருளில் மின்னழுத்தத்தை எழுப்பும். ஃபாரடே 1831-இல் கண்டுபிடித்த விஷயம். இதற்கு 16 மார்க் கேள்வியில் நான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். மாற்றம் எவ்வளவு வேகமோ அழுத்தம் அவ்வளவு அதிகம் என்று அடிக்கோடு போட்டும் எழுதியிருக்கிறேன். அது ஒரு பூக்காரரின் ராத்திரி இரண்டரை மணியோடு சம்பந்தப்பட்ட வாக்கியம் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் சென்சார் தரும் அலை சிறியது. செல்ஃப் அடிக்கும் வேகத்தில் ஒரு வோல்ட் கிடைத்தாலே நல்ல சென்சார். உச்ச வேகத்தில் அதே சென்சார் பல பத்து வோல்ட் தரும்.

நிரல் எழுதுவது எனக்குச் சிரமமில்லை. ஒவ்வொரு பல்லையும் ‘மேடு, பள்ளம்’ என்று இரண்டாகப் பிரித்தால் ஒரு சுற்றுக்கு 120 இடங்கள். நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு முழுச் சுழற்சிக்குக் கிராங்க் இரண்டு தடவை சுற்ற வேண்டும். பிஸ்டன் உச்சிக்கு வந்திருப்பது காற்றை அமுக்கவா, புகையைத் தள்ளவா என்பது கிராங்க் சென்சாருக்குத் தெரியாது, அதைச் சொல்லத்தான் கேம் சென்சார். ஆக 240 இடங்கள் கொண்ட ஒரு பட்டியல், இரண்டு பின்கள். நிமிஷத்துக்கு 6,000 சுற்று என்றால் ஒவ்வொரு இடத்துக்கும் 83 மைக்ரோசெகண்ட். ஆர்டுயினோவுக்கு அது தாராளமான நேரம்.

இதில் ஒரு அழகான தற்செயல் இருக்கிறது. ஒரு சுற்றுக்கு 60 பல், ஒரு நிமிஷத்துக்கு 60 நொடி. இரண்டும் அடிபட்டுப்போவதால் எஞ்சினின் ஆர்.பி.எம்.மும் அலையின் ஹெர்ட்ஸும் ஒரே எண். 800 ஆர்.பி.எம். ஐடிலில் பற்கள் 800 ஹெர்ட்ஸ் வேகத்தில் கடக்கும். வெளியீட்டில் ஒரு சின்ன ஸ்பீக்கரை மாட்டினால் 800 ஹெர்ட்ஸ் ஸ்வரம் கேட்கும், நொடிக்கு 13 தடவை அது லேசாகத் திக்கும். அந்தத் திக்கல்தான் இல்லாத இரண்டு பற்கள்.

ஆர்டுயினோ கொடுப்பது 0, 5 வோல்ட் என்று மாறி மாறி வரும் கட்டம் கட்டமான அலை. சுருள் சென்சார் கொடுப்பதோ பூஜ்யத்துக்கு மேலும் கீழும் ஆடுகிற அலை. இடையில் அந்த மோடம் டிரான்ஸ்ஃபார்மரைப் போட்டது அதற்காக. டிரான்ஸ்ஃபார்மரும் சென்சாரும் ஒரே குடும்பம், இரண்டுமே மாற்றத்தை மட்டும்தான் கடத்தும். ஓட்டைப் பல் வரும்போது எந்த மாற்றமும் இல்லாததால் வெளியே வருவது கிட்டத்தட்ட மௌனம். ஒரு வால்யூம் கன்ட்ரோல் வேகத்துக்கு, இன்னொன்று அலையின் உயரத்துக்கு. இரண்டாவதை நான் ஒப்புக்குத்தான் வைத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் கேஸை முடித்தது அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் மேசை போட்டோம். போர்டு மட்டும் போதாது, சாவியை அடையாளம் காணும் இம்மொபிலைசர் சமாதானமாகாமல் அது இன்ஜெக்டரைத் திறக்காது. ஆகவே மீட்டர், சாவித் துவாரம், அதைச் சுற்றிய வளையம் எல்லாம் வந்தன. எஞ்சின் சூட்டைச் சொல்லும் சென்சாருக்குப் பதில் ஒரு ரெசிஸ்டர். புதுப்பேட்டையில் வாங்கிவந்த நாலு பழைய இன்ஜெக்டர். பாதி வண்டி மேசைக்கு வந்துவிட்டது. பேட்டரியை நான் இணைக்கப் போனபோது அண்ணன் தடுத்தார். ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பைத் தொடரில் மாட்டினார். “உள்ள எங்கயாவது ஷார்ட் இருந்தா பல்பு பளிச்சுனு எரியும். போர்டு பொழைக்கும்.” நான் ஆன்லைனில் தேடித் தேடி விலை பார்த்துவைத்திருந்த, கரன்ட் அளவைக் கட்டுப்படுத்தும் பவர் சப்ளையின் வேலையை அந்தப் பத்து ரூபாய் பல்பு செய்தது.

பல்பு மங்கலாக எரிந்தது. பல்பை எடுத்துவிட்டு நேராக இணைத்து, வேகத்தை 250-இல் வைத்தேன். இரண்டு நொடி ஒன்றுமில்லை. சுருளின் இரு முனைகளை மாற்றி மாட்டினோம், ஏனென்றால் அலை தலைகீழாக இருந்தால் ஓட்டைப் பல் தப்பான இடத்தில் விழும். மாற்றியதும் இன்ஜெக்டர்கள் டிக், டிக், டிக் என்று ஆரம்பித்தன. ஸ்கேனரில் ஆர்.பி.எம். 250. கன்ட்ரோலைத் திருப்பினேன், 800. எஞ்சின் ஷெட் வாசலில் வண்டிக்குள் சும்மா கிடந்தது, அதன் மூளை மேசையில் ஓடிக்கொண்டிருந்தது. நான் போட்டோ எடுத்தேன். அண்ணன் இன்ஜெக்டர்மேல் ஒவ்வொன்றாக விரலை வைத்துப் பார்த்தார்.

பிறகு ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டார். “இது செல்ஃப் அடிக்கிற சத்தமா?”

“ஆமாண்ணே. 250.”

“செல்ஃப் இப்படி ஒரே சீரா கத்தாது தம்பி. உர்ர், உர்ர்னு இழுக்கும். ஒவ்வொரு கம்ப்ரெஷனுக்கும் மூச்சு முட்டும். நீ வச்சிருக்கிறது மிக்ஸி.”

அன்றைக்குத்தான் ‘சார்’ போய் ‘தம்பி’ வந்தது என்பதை வீட்டுக்கு வந்தபிறகு கவனித்தேன்.

அவர் சொன்னது அப்படியே இயற்பியல். நாலு சிலிண்டரில் ஒவ்வொரு 180 டிகிரிக்கும் ஒரு பிஸ்டன் காற்றை அமுக்குகிறது. செல்ஃப் மோட்டார் அங்கே திணறும், உச்சியைத் தாண்டியதும் விடுபட்டு ஓடும். ஒரே சுற்றுக்குள்ளேயே வேகம் குறைந்து கூடுகிறது. எஞ்சின் ஓடும்போதும் இந்த ஏற்ற இறக்கம் உண்டு. ஒரு சிலிண்டரில் பொறி பிடிக்காமல் போனால் அந்த இடத்தில் மட்டும் பற்கள் சற்றுத் தாமதமாக வரும், ‘மிஸ்ஸிங்’ இருக்கிறது என்று ஈ.சி.யு. கண்டுபிடிப்பது இதைவைத்துத்தான். அமெரிக்காவில் 1996 முதல் கார்களில் இப்படி மிஸ்ஸிங்கைக் கண்காணிப்பது கட்டாயம். என்னுடைய துல்லியமான 250-இல் எந்த ஈ.சி.யு.வும் ஓட்டைப் பல்லைக் கண்டுபிடித்துவிடும். திணறித் திணறிச் சுற்றும்போது, பற்களே தாமதமாக வரும்போது, எது தாமதம் எது ஓட்டை என்று பிரித்தறிவதில்தான் அதன் சாமர்த்தியம்.

அடுத்த இரண்டு ராத்திரி அதற்குப் போனது. அண்ணன் வேறொரு வண்டியில் செல்ஃப் அடிக்க, நான் போனில் பதிவுசெய்து, இழுவையின் தாளத்தைப் பார்த்தேன். 250-இல் நொடிக்கு எட்டு மூச்சு முட்டல். 180 டிகிரிக்கு 30 பல் என்பதால் 30 எண்கள் கொண்ட இன்னொரு பட்டியல், எந்தப் பல்லுக்கு எவ்வளவு தாமதம் என்று. திருத்தித் திருத்தி ஸ்பீக்கரில் போட்டுக்காட்டினேன். நாலாவது தடவை “ஆங், இது வண்டி” என்றார். சரியான அலையா என்று பார்க்க என்னிடம் ஆஸிலாஸ்கோப் இருந்தது. ஆனால் எந்த அலை சரி என்று அதற்குத் தெரியாது.

போர்டு அதிலும் தேறியது. அப்புறம் உயரத்தைக் குறைத்தோம். ஒரு வோல்ட், அரை வோல்ட், இன்ஜெக்டர்கள் டிக் டிக் என்றுதான் இருந்தன. கால் வோல்ட்டுக்குக் கீழே போனதும் நின்றன. ஸ்கேனரில் பி0335.

ஆக, நம் முன்னால் இருப்பது ஒரு நல்ல போர்டு. நல்ல போர்டாகத்தான் தெரிகிறது. இதை உறுதியாகச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. என் வேலையில் பச்சை டிக் விழுந்தால் வீட்டுக்குப் போய்விடலாம், தப்பினால் நாளைக்கு ஒரு திருத்தம் போடலாம். இங்கே ‘போர்டு நல்லாருக்கு’ என்று நான் சொன்னால் ஒருவர் 45,000 ரூபாய் செலவைத் தள்ளிவைத்து, இன்னும் எத்தனை நாள் லோடு ஆட்டோவுக்கு வாடகை கொடுப்பார்?

மேசைச் சோதனையை எவ்வளவு நம்பலாம் என்று யோசிக்கிற எவருக்கும் ஃபோக்ஸ்வாகன் கதை ஞாபகம் வராமல் போகாது. 2013-இல் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டீசல் கார்களின் பின்னால் கருவியைக் கட்டிக்கொண்டு நிஜச் சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். ஆய்வுக்கூடத்து உருளைகள்மேல் ஒழுங்காக இருந்த அதே மாடல் கார் சாலையில் அனுமதித்ததைவிடப் பல மடங்கு நைட்ரஜன் ஆக்சைடு கக்கியது. 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு நோட்டீஸ் கொடுத்தது. ஸ்டியரிங் எப்படி இருக்கிறது, வேகம் எப்படி மாறுகிறது, எஞ்சின் எவ்வளவு நேரமாக ஓடுகிறது, காற்றழுத்தம் என்ன என்று பார்த்து, தான் இருப்பது சோதனைக்கூடத்திலா சாலையிலா என்பதை காரின் மென்பொருள் கண்டுபிடித்துக்கொண்டிருந்தது. உலகம் முழுக்கச் சுமார் 1.1 கோடி வண்டிகள். யாரோ ஒரு மென்பொருள் பொறியாளர், என் வயதுக்காரராகவும் இருக்கலாம், உட்கார்ந்து அந்த நிபந்தனையை எழுதியிருக்கிறார். எனக்கு அதில் உறைத்தது ஏமாற்று வேலை மட்டும் இல்லை. உருளைமேல் ஓடும் கார் ஸ்டியரிங்கைத் திருப்பாது. சோதனைக்கூடம் கொண்டுவராமல் விட்ட ஒரு சாதாரண விஷயமே அதைக் காட்டிக்கொடுத்துவிட்டது. எங்கள் மேசைக்கு நாங்கள் கொண்டுவராமல் விட்டது எது?

அண்ணனுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். சுருக்கமாகக் கேட்டுவிட்டு, “அப்போ ராத்திரி ரெண்டரைக்கு வண்டிலயே பாத்துருவோம்” என்றார்.

போர்டைத் திரும்ப மாட்டி, வண்டியை ராத்திரி முழுக்க நிற்கவிட்டு, இரண்டரைக்குப் போனோம். சென்சார் ஒயரில் என் கையடக்க ஆஸிலாஸ்கோப்பை மாட்டினேன். ஆறிப்போய் ஆயில் கெட்டியாக இருந்த எஞ்சின், ஏற்கெனவே அடிவாங்கிய பேட்டரி. செல்ஃப் வழக்கத்தைவிட மெதுவாக இழுத்தது. திரையில் அலை அழகாகத்தான் வந்தது, ஓட்டைப் பல்கூடத் தெரிந்தது. ஆனால் உயரம் கால் வோல்ட்டைத் தொடவில்லை. தள்ளிவிட்டு எடுத்து, எஞ்சின் சூடேறியதும் நிறுத்தி மறுபடி செல்ஃப் அடித்தோம். சுற்று வேகம் கூடியது, அலை அரை வோல்ட் அருகே ஏறியது, உடனே பற்றிக்கொண்டது. மேசையில் நாங்கள் கண்டுபிடித்த அந்தக் கால் வோல்ட்டுக் கோட்டுக்கு ராத்திரியில் இந்தப் பக்கம், பகலில் அந்தப் பக்கம். அவ்வளவுதான் வண்டியின் நோய்.

புது சென்சார் ஏன் இவ்வளவு பலவீனமான அலை தருகிறது? அண்ணன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார். சென்சாரைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்து உள்ளங்கையை நீட்டினார். சென்சாரின் தாங்கிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் யாரோ ஒரு வாஷரைப் போட்டிருந்தார்கள். ஒரு மில்லிமீட்டர் கனம் இருக்கும். எப்போதோ கிளட்ச் வேலைக்காகக் கழற்றிப் பூட்டியபோது நுழைந்திருக்கலாம். சென்சார் முனைக்கும் பல்லுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியே ஒரு மில்லிமீட்டர் அளவுதான். அது இரட்டிப்பானால் அலை படுத்துவிடும். சர்வீஸ் சென்டரில் புது சென்சாரை அதே வாஷரின்மேலேயே உட்காரவைத்து, அது சரியாகாததைப் பார்த்து, போர்டுக்கு எஸ்டிமேட் போட்டிருக்கிறார்கள்.

வாஷர் இல்லாமல் பூட்டி செல்ஃப் அடித்தோம். அலை ஒரு வோல்ட்டைத் தாண்டியது. பூக்காரர் சர்க்யூட்டைப் பற்றியோ வாஷரைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. “நாளைக்குக் காலைல எடுக்கலாமா?” என்று மட்டும் கேட்டார். மணி அப்போதே மூன்றே கால்.

அண்ணன் அவரிடம் வாங்கியது 600 ரூபாய், கழற்றிப் பூட்டிய கூலி. மேசை, ஸ்பீக்கர், மூன்று ராத்திரி எதற்கும் பில் கிடையாது. ஒரு பாகத்தை மாற்றினால் பில்லில் ஒரு வரி வரும். மாற்ற வேண்டியதில்லை என்று நிரூபித்தால் எந்தத் தலைப்பில் எழுதுவது? சர்வீஸ் சென்டர்க்காரர்களை முழுக்கக் குறை சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. இதைக் கண்டுபிடிப்பதற்கு யாரும் சம்பளம் கொடுக்காத ஒரு ஏற்பாட்டுக்குள்தான் அவர்களும் வேலை பார்க்கிறார்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்ததிலிருந்து சின்ன பைக் வரைக்கும் போர்டு வந்துவிட்டது. பாயிண்ட்டைக் காதாலேயே செட் பண்ணிய தலைமுறை மெக்கானிக்குகள் முன்னால் திறக்க முடியாத ஒரு அலுமினியப் பெட்டி இருக்கிறது, அதற்கு ‘நல்லது’, ‘கெட்டது’ என்று இரண்டே தீர்ப்பு.

இப்போது சர்க்யூட் ஷெட்டிலேயே இருக்கிறது, ஒரு பழைய டிபன் பாக்ஸுக்குள். கன்ட்ரோல்களின்மேல் வெள்ளை டேப் ஒட்டி அண்ணன் பேனாவால் எழுதியிருக்கிறார்: ‘வேகம்’, ‘உசரம்’. ‘இழுவை’ என்று மூன்றாவதாக ஒரு சுவிட்ச், மூச்சு முட்டலைப் போட்டு எடுக்க. போன மாதம் இன்னொரு போர்டு வந்தது, அரை மணி நேரம் ஓடினால் நின்றுவிடுகிற காருடையது. டிபன் பாக்ஸை மாட்டி 2,000-இல் விட்டோம். ஒரு மணி நேரம் ஓடியது, குறையொன்றுமில்லை. நான் வயரைக் கழற்றப் போனேன். “இருப்பா, இங்க ஃபேன் காத்து வருது. பானெட்டுக்குள்ள ஃபேனா இருக்கு?” என்று சொல்லிவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போய் அவர் மகளின் ஹேர் டிரையரை எடுத்துவந்தார். போர்டின்மேல் சூடான காற்றைப் பிடித்தபடி இன்ஜெக்டர்களைக் கேட்டுக்கொண்டு நின்றோம். பன்னிரண்டாவது நிமிஷத்தில் மூன்றாவது இன்ஜெக்டர் நின்றது.